தொகுதியின் வாலில் ஒரு தெரு

நில அளவை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பேசினால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதனால் எழுதித் தருகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் சொக்கும் நேரத்தில் ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

சங்கிலி பிடிப்பது, அளவு குறிப்பது, டிரேசிங் துணியில் மை இழுப்பது, இதெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. ஆறு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். கை பழகிய பிறகுதான் ஆபத்தே. எழுபதுகளில் சட்டசபைத் தொகுதிகளைத் திரும்ப வரையச் சொல்லி உத்தரவு வந்தபோது எனக்குக் கை அப்படித்தான் பழகியிருந்தது. பதினெட்டு வருட சர்வீஸ். கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவேன் என்று நானே சொல்லிக்கொள்வேன். கடைசியில் அப்படியே போட்டும்விட்டேன்.

நம் தொகுதிகள் எவ்வளவு சின்னவை என்று உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். ஐம்பது ஓட்டில் ஜெயித்தவரும் உண்டு, அதே ஐம்பதில் தோற்றவரும் உண்டு. இங்கே ஒரு தெருவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் போதும், எம்.எல்.ஏ. மாறிவிடுவார். அந்த வேலை நடந்த மாதங்களில் நான் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் ஒன்று பெஞ்சு காலியாகிவிடும், இல்லாவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடையாது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். வில்லியனூரில் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான் குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போவேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா ஆரோக்கியம்தான். பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவப் பங்கு. அங்கே மாதா கோயிலை ஒட்டி ஒரே தெரு, முப்பது வீடு. தெருக் கிணற்றில் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு வயல்வரப்பில் நடந்து அடுத்த ஊர்க் குழாய்க்குப் போக வேண்டும். அக்கா ஐந்து வருடமாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடையாய் நடந்தாள். அந்த வருடம்தான் அவர் தலையசைத்திருந்தார்.

"கொழா போட்டுத் தர்றன்னு வாயாலயே சொல்லிட்டாருடா" என்றாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "சொல்லாம இன்னா பண்ணுவாரு? எங்க தெரு ஓட்டுலதான போன வாட்டி ஜெயிச்சாரு."

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் முதல் தப்புக்கு வருகிறேன்.

பாகூர்ப் பக்கம் ஒரு காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். நூற்றுச் சொச்சம் வீடு, எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். அவர்களுக்குச் சுடுகாட்டுக்குப் போக வழி இல்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்து வரப்பில்தான் போக வேண்டும். கரும்பு வளர்ந்துவிட்டால் அதுவும் கிடையாது, வாய்க்காலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் போவார்கள். வழி கேட்டு எத்தனையோ மனு போட்டிருந்தார்கள். கரும்புக்குச் சொந்தக்காரர் பெரிய கை. அந்த ஓட்டெல்லாம் ஒரே தொகுதியில் இருந்தால் நிற்கிற ஆள் எவனாவது ஒருவன் வழி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிந்தால் யாருக்கும் அவர்கள் வேண்டாம்.

கரும்புக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். என் மேசைமேல் விரித்திருந்த படத்தில் வாய்க்காலை விரலால் தடவினார்.

"தம்பி, மனுசன் போடற கோடு இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போவும். இது ஆண்டவன் போட்டது. இத்தப் புடிச்சிகினு போனா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

அவர் சொன்னது எங்கள் விதியும்தான். ஆறு, வாய்க்கால், ரோடு இருந்தால் அதையே எல்லையாக எடு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரியும் தலையை ஆட்டினார். நான் பிரெஞ்சுக்காரன் காலத்துப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் காலனி மொத்தமும் வாய்க்காலுக்கு வடக்கே இருந்தது. ஒரு பிசகும் இல்லை. கோட்டை இழுத்தேன், சுத்தமாக வந்தது. நேரில் போகவில்லை.

வரைவு வெளியாகி, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்தார்கள். ஒருநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்திருப்பார் போல. தேசிங்கு என்று பெயர், தவளக்குப்பம் முனையில் தையல் கடை, வீடு அந்தக் காலனியில். கக்கத்திலிருந்து பழுப்புக் காகிதச் சுருளை எடுத்து என் மேசைமேல் விரித்தார். சட்டை வெட்ட மாதிரி எடுப்பார்களே, அந்தக் காகிதம். அதில் காலனியின் ஒவ்வொரு வீட்டையும் தையல் சாக்கட்டியால் போட்டிருந்தார். நடுவில் வாய்க்கால் போனது. வீடுகள் இரண்டு கரையிலும் இருந்தன.

"வெள்ளம் வந்தப்ப பாதிப் பேருக்கு அந்தாண்ட எடம் குடுத்தாங்க சார். பத்து வருசம் ஆவுது" என்றார். "எங்கப்பன் வூடு இந்தாண்ட, என் வூடு அந்தாண்ட. இப்ப நானும் எங்கப்பனும் வேற வேற தொகுதி."

"இதை யார் அளந்தது?"

"நாந்தான். கயித்துல முடிச்சிப் போட்டு எட்டு நாள் அளந்தேன்." கொஞ்ச நேரம் என் படத்தையே பார்த்தார். "துணில கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி நாங்க ஆள நிக்க வச்சி அளவெடுப்போம் சார். நீங்க ஆளப் பாக்காமயே வெட்டிட்டீங்க."

எனக்கு மூக்கு உடைந்தாற்போல் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே அவரோடு பஸ் ஏறிப் போனேன். இரண்டு கரையும் நடந்தேன். அவர் சாக்கட்டியில் போட்டதில் ஒரு வீடு கூடத் தப்பில்லை. என்றைக்குள் ஆட்சேபம் தர வேண்டும், யாருக்கு எழுத வேண்டும், விசாரணை எங்கே என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். அது என் கடமையா என்று கேட்டால், இல்லை. வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதோடு எங்கள் கடமை முடிந்தது. ஆனாலும் சொன்னேன்.

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கரும்புக்காரர் வாய்க்காலைப் பற்றி அழகாகப் பேசினார். தேசிங்கு பேசவே இல்லை, காகிதத்தை விரித்துவிட்டுத் தள்ளி நின்றார். அதிகாரி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கோட்டை நேரில் நடந்து பார்த்துப் போட்டீரா?"

என் மேலதிகாரி தொண்டையைச் செருமினார். 'பார்த்தேன்' என்று சொல் என்று அதற்கு அர்த்தம். 

"இல்லை ஐயா. மேசையில் உட்கார்ந்து போட்டேன். வந்திருப்பவர் படம்தான் சரி."

மேலதிகாரி அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என்னோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் உங்களுக்கு நான் நல்லவனாகத் தெரிவேன். நிறைய பேர் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

காலனி முழுவதும் ஒரே தொகுதிக்குள் வந்தது. நல்லது. ஆனால் அந்தத் தொகுதியில் இப்போது ஆள் கூடிப்போனது. கூடினால் வேறு ஓரத்தில் குறைக்க வேண்டும். ஒருவரைச் சேர்க்கப் போட்ட கோடு இன்னொருவரை வெளியே தள்ளாமல் இருக்காது, இந்த வேலையின் சாபம் அது. எங்கே குறைப்பது என்று பார்த்தேன். மூன்று ஓரம் இருந்தது. ஒன்றில் எடுத்தால் நெசவுக்காரர் தெரு இரண்டாகப் பிளக்கும். இன்னொன்றில் நடுவே ஏரி, கரை வீடுகள் தனியாகத் துண்டுபடும். மூன்றாவது ஓரத்தில், வெட்டிக்கொள் என்பதுபோல், கோயில் தெரு. முப்பது வீடு. எண்ணிக்கை சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது.

அக்கா தெரு.

அங்கே என் அக்கா இருக்கிறாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்பார்கள் என்று பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சொந்த அக்கா தெருவையே எடுத்துக் கொடுத்தவன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

தொகுதிக்கெல்லாம் ஒரு வால் உண்டு. பெரிய ஊர்கள் எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். எண்ணிக்கைக்காக ஒட்டவைத்த கொஞ்ச வீடு கடைசியில் தனியாகத் தொங்கும். ஓட்டுக் கேட்கக்கூட அங்கே யாரும் போக மாட்டார்கள். கோயில் தெரு அப்படி ஒரு வாலில் போய் விழுந்தது. புதுத் தொகுதியின் மற்ற ஊர்களுக்கும் அதற்கும் நடுவே வயல்தான், ரோடு கிடையாது.

திருத்திய கோடுகளுக்கும் ஒரு வாரம் ஆட்சேபம் சொல்லலாம் என்று அந்த அதிகாரி அவகாசம் கொடுத்தார். நோட்டீஸ் மேரி வாசலில், அதாவது கொம்யூன் அலுவலக வாசலில், ஒட்டப்பட்டது. அதை யார் படிப்பார்கள்? தேசிங்கு வந்துபோன பிறகு எனக்குப் புத்தி வந்திருந்தது. விசாரணைக்குப் பிறகு வேறு இரண்டு ஊரிலும் கோடு மாறியிருந்தது, அங்கெல்லாம் நானே போனேன். டீக்கடையில் நின்று, இந்தத் தெரு இப்படிப் போகிறது, பிடிக்கவில்லையென்றால் இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள் என்று சொன்னேன். ஓர் ஊரில் எழுதியும் கொடுத்தார்கள். நெசவுக்காரர் தெருவும் ஏரிக்கரையும் இருக்கும்போது கோயில் தெருவை எடுத்தது ஏன் என்று அந்தத் தெருக்காரர்களும் எழுதிக் கேட்டிருந்தால், அந்த அதிகாரி இன்னொரு முறை படத்தைப் பார்த்திருப்பார். வேறு வழி கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பார்த்திருப்பார்.

கோயில் தெருவுக்கு நான் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் போகவில்லை. வயிறு சரியில்லை என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் அக்கா புருஷன் சைக்கிளில் வந்துவிட்டார். பஞ்சாலையில் வேலை பார்க்கிற சாதுவான மனிதர். கையில் தூக்குவாளி.

"ரசம் சோறுடா. உங்கக்கா குடுத்தனுப்பிச்சா. சுடச் சுடச் சாப்புடச் சொன்னா."

"உக்காருங்க மாமா."

"இல்லடா, ஷிப்டு இருக்குது." ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பைப்பு வந்து எறங்கிடிச்சிடா. கோயில் காம்பவுண்டுல அடுக்கி வச்சிருக்காங்க. உங்கக்கா தெனம் போயித் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வரா."

அவகாசம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். 'மாமா, நாளைக்கே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. நான் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஏண்டா ஒரு மாதிரி இருக்க?"

"வயிறுதான் மாமா."

"ஒண்டியா கெடந்து இன்னாத்தத் துன்றியோ" என்றார். காலி வாளியைத் தானே கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மூன்று நாளும் நான் பேசாமல் இருந்தேன். நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தேன். யாருடைய தயவும் இல்லாமல், யாருக்கும் தயவு காட்டாமல் வேலை செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கேட்க அறையில் வேறு யாரும் இல்லை.

இறுதி ஆணை வந்தது. அடுத்த மாதம் ஒரு லாரி வந்து பைப்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. பழைய எம்.எல்.ஏ.வுக்கு அந்தத் தெரு இனி தேவையில்லை. புது ஆளுக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது. தெருக்காரர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. ஓட்டுப் போடுகிற அன்றுதான் புரிந்தது. அக்கா கோயில் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றிருக்கிறாள். பட்டியலில் பெயர் இல்லை, உங்களுக்குச் சாவடி வேறு ஊரில் என்று அனுப்பிவிட்டார்கள். வெயிலில் மூன்று மைல் நடந்து போய் ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு போனேன். சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"செரி" என்று இலையை எடுத்தாள்.

அவ்வளவுதான். வையவில்லை, அழவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் போவதை நிறுத்தினேன். முதலில் மாதம் ஒருமுறை என்று ஆனது, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப நீளமான கிழமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன்.

காலனிக்குச் சுடுகாட்டு வழி கிடைத்தது. இரண்டு வருடத்தில் கரும்புத் தோட்டத்து ஓரமாக மண் ரோடே போட்டுவிட்டார்கள். தேசிங்கு என்னைத் தேடி வந்து சொன்னார். அப்பா அந்த வழியில்தான் போனார் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள், அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா, சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரன் என்று கூடுதலாக எதுவும் செய்யாதீர்கள், அது எல்லாருக்கும் தெரிந்தது. சொந்தக்காரன் என்பதற்காகக் குறைத்தும் செய்யாதீர்கள். அதை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் அந்தக் கோட்டைப் போட்டது தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஊரெல்லாம் போய்ச் சொன்னவன் அங்கே மட்டும் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு.

அந்தத் தெருவுக்குக் கடைசியில் குழாய் வந்தது. வந்த விதத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமாவும் போய்விட்டார். சாவுக்குப் போனேன், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். எனக்கு ஓய்வு பெற ஒரு வருடமோ என்னமோ பாக்கி. குடிதண்ணீர்த் திட்டத்துக்கு வந்த மனுக்களுக்கெல்லாம் நேரில் போய் வரைபடம் எடுத்து, மனுவில் முதலில் கைநாட்டு வைத்தவரிடம் வாக்குமூலம் வாங்கிவரச் சொன்னார்கள். எனக்கு வந்த கட்டுக்குள் கோயில் தெரு மனுவும் இருந்தது. பிற்பாடு குழாய் வந்தது அந்த மனுவால்தான். யாரோ பள்ளிக்கூடப் பையன் கையெழுத்து. முதல் கைநாட்டு, ஆரோக்கியம்.

இந்த முறை நான் எழுந்து போய்ப் புது மேலதிகாரியிடம் சொன்னேன். "அங்கே என் சொந்த அக்கா இருக்கிறாள்."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதனால் என்ன? போய் அளந்துகொண்டு வாரும்."

இவ்வளவு சுலபமா அது. அன்றைக்கும் நான் கேட்டிருந்தால் யாராவது இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"ஆபீசு வேலையா வந்திருக்கியா?"

"ஆமாம்."

"கேளு."

நின்றபடியே கேட்டேன். வீட்டில் எத்தனை பேர்? ஒண்டிதான். குடிதண்ணீர் எங்கிருந்து? அடுத்த ஊர்க் குழாய். எவ்வளவு தூரம்? போக வர ஒரு மணி நேரம், வரிசை இருந்தால் இன்னும் கூட. ஒரு நாளைக்கு எத்தனை குடம்? முன்பு ஆறு, இப்போது இரண்டு, இடுப்பு தாங்கவில்லை. எத்தனை வருடமாக? அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தாள். நானே எழுதிக்கொண்டேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

ஒரு காலத்தில் நான் எழுதிக்கொண்டு போன எந்தக் காகிதத்துக்கும் என்ன ஏது என்று கேட்காமல் பெருவிரலை நீட்டியவள். முழுவதும் படித்துக் காட்டினேன்.  முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கேள்வியெல்லாம் அன்னிக்கே வந்து கேட்டிருக்கலாம் இல்ல."

"நீ என் அக்கா. உனக்கு மட்டும் வந்து சொல்லிட்டேன்னு பேசுவாங்கன்னு பயந்துட்டேன்."

"யாரோ தையக்காரருக்கு வூடு தேடிப் போயி சொன்னியாம். டீக்கட டீக்கடையா நின்னு சொன்னியாம். மாமா கேள்விப்பட்டு வந்து சொன்னாரு." கோபமே இல்லாத குரல். "நான் ஒனக்கு அக்காவா இல்லாம இருந்திருந்தா எனக்கும் சொல்லியிருப்ப."

 மை டப்பாவை நீட்டினேன். பெருவிரலை வைத்து அழுத்தினாள். புடவையில் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தாள், வரப்பில் இறங்கிப் போனாள். மை டப்பாவை மூடினேன். தெருவில் இன்னும் இருபத்தொன்பது வீடு அளக்க வேண்டியிருந்தது.